டோ சோ யின் வாசலில் பொறாமை

பக்கோக்கூவில் எங்கள் பேட்டையில் கடிகாரம் இல்லாத வீடுகள் நிறைய இருந்தன, நேரம் தெரியாத வீடு ஒன்றுகூட இல்லை. ஆற்றின் மேல் பாலம் வராத காலம் அது. விடிந்ததும் மா ஓன் மே வேகவைத்த பட்டாணிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கமிருந்து கிளம்புவாள். "பட்டாணீ, வெந்த பட்டாணீ" என்று ஒரு குரல் கொடுப்பாள். அடுத்த குரல் கொடுக்கும்வரை அவள் வாய் சும்மா இருக்காது. பௌத்த அபிதம்மத்தில் சொல்லியிருக்கும் ஐம்பத்திரண்டு மனக்கூறுகளையும் ராகம் போட்டு வரிசையாக ஒப்பித்துக்கொண்டே வருவாள். துறையில் தொடுகை, நுகர்ச்சி என்று தொடங்கினால் அரசமரத்து முக்கில் அறியாமை வரும், தையற்காரர் வீட்டு முன் வெட்கமின்மை வரும், எண்ணெய்ச் செக்குத் திருப்பத்தில் பேராசை வரும். "வெட்கமின்மை வந்தாச்சு, இன்னும் என்ன தூக்கம்?" என்று தையற்காரரின் மனைவி அவரைத் தட்டி எழுப்புவாள்.

டோ சோ யின் வீட்டு வாசலுக்கு வரும்போது மட்டும் அந்த வாய் தினமும் தவறாமல் "பகை, பொறாமை" என்று சொல்லும்.

டோ சோ யின் அப்போது முகத்துக்குத் தனாக்கா அரைத்துக்கொண்டிருப்பாள். கல்லில் கட்டையைத் தேய்க்கும் கை அப்படியே நின்றுவிடும்.

"வேணும்னே பண்றா," என்றாள் ஒருநாள் கணவனிடம். அவள் கணவர் ஊ போ சீ குதிரைவண்டி ஓட்டுகிறவர்.

"யாரு, என்ன பண்றா?"

"பட்டாணிக்காரிதான். இவ்வளவு நீளத் தெருவுல பொறாமைய இறக்கி வைக்க நம்ம வாசல்தான் கிடைச்சுதா அவளுக்கு?"

"அடிப்பாவி, அவ நடைக்கணக்கு அது. என் குதிரை தினமும் அந்தப் புளியமரத்தடியிலதான் சாணி போடுது. மரத்துமேல அதுக்குக் கோபம்னா அர்த்தம்?"

டோ சோ யின் சிரிக்கவில்லை. சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது. பொறாமை என்ற சொல் சரியான விலாசத்துக்குத்தான் வந்து சேர்ந்துகொண்டிருந்தது, அது அவளுக்கே தெரியும்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. மேற்கே தனாக்காத் தோப்புகளுக்கு நடுவே பிறந்தவள். பதினாறு வயதில் தலையை மழித்துத் துறவியாகப் போகிறேன் என்று நின்றாள். கட்டை வெட்ட ஆள் இல்லை என்று அப்பா விடவில்லை. பிறகு கல்யாணம், மூன்று பிள்ளைகள், சந்தையில் தனாக்காக் கட்டைக் கடை. கடைசிப் பிள்ளையும் ரங்கூனுக்கு வேலைக்குப் போன வருஷம் மகிழமரத்து மடத்தில் தலைமைப் பிக்குவான சயாடோ நடத்தும் அபிதம்ம வகுப்பில் போய் உட்கார்ந்தாள். மழைக்கால நோன்பு மூன்று மாதமும், பிக்குகள் நடுப்பகல் உணவு முடித்த பிறகு, மண்டபத்தில் வகுப்பு. தோளில் பழுப்புச் சால்வை போட்ட நாற்பது பெண்கள் கோரஸாக ஒப்பிப்பார்கள். அங்கே அவள் பதினோரு நோன்புகாலம் ஒருநாள்கூட விடாமல் போனாள். இரண்டாவது தூணை ஒட்டி முதல் வரிசையில் இருந்த பாய் அவளுடையது. சயாடோவுக்கு நடுவில் இருமல் வந்தால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். சந்தையில் எல்லோரும் அவளைச் "சயாமா" என்று கூப்பிட்டார்கள். டீச்சரம்மா என்கிற மாதிரி ஒரு கிண்டல். கிண்டல் அவளுக்குப் பிடிக்கவில்லை, அந்தச் சொல் ரொம்பப் பிடித்திருந்தது.

கட்டை வாங்க வருகிறவர்களுக்கும் பாடம் உண்டு. "உலகத்துல அறியத்தக்கது மொத்தம் அஞ்சே அஞ்சு," என்று விரலை மடக்குவாள். "காரணங்கள் கூடி உண்டானது ஒண்ணு, இந்தக் கட்டை மாதிரி. அதுல வர்ற மாற்றம் ரெண்டு. தண்ணி விட்டு அரைச்சா இளகுது பாரு, அது. பிறக்கறது, மூப்படையறது, அழியறதுங்கற குறி மூணு. நாலாவது நிர்வாணம், அது என் கடையில இல்ல. அஞ்சாவது வெறும் பேரு. தனாக்காங்கறது பேரு. பேரை எடுத்து மூஞ்சியில பூச முடியுமா?"

"பூச முடியாது சயாமா. கட்டைய நல்லதா குடுங்க," என்பார்கள்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் மா ஓன் மே என்பதும் வெறும் பெயர்தான். ஐந்தாவது வகை. உடம்பு, உணர்ச்சி, குறிப்பு என்று பிரித்துக்கொண்டே போனால் ஓன் மே என்று ஓர் ஆள் எங்கேயும் அகப்பட மாட்டாள். டோ சோ யின் எத்தனையோ ராத்திரி பிரித்துப் பார்த்துவிட்டாள். "பேருதான், யாரு இல்லேன்னது," என்று முணுமுணுப்பாள். "ஆனா அந்தப் பேரு வந்து என் பாய்க்குப் பக்கத்துப் பாயில உக்காருதே."

மா ஓன் மே வகுப்புக்கு வந்து மூன்று நோன்புகாலம்தான் ஆகியிருந்தது. ஆற்றுக்கு மேலே ஏதோ கிராமத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்து பட்டாணி விற்றாள். வயது நாற்பத்து மூன்று. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனால் காதில் விழுந்தது ஒன்றும் தங்காமல் போகாது. டோ சோ யின் நோட்டு நோட்டாக எழுதி, கோடு போட்டு, மூன்று வருஷம் முட்டி மோதிய பாகத்தை இவள் ஒரு மழைக்காலத்தில் தெருவில் நடந்தே முடித்துவிட்டாள். "ஓன் மே புண்ணியத்துல இந்தப் பேட்டையில பட்டாணிக்குக்கூட அபிதம்மம் தெரியும்," என்றார் சயாடோ. வகுப்பே சிரித்தது. டோ சோ யின்னின் வயிறு பற்றி எரிந்தது. பதினோரு வருஷத்தில் அவளைப் பற்றி சயாடோ ஒரு வேடிக்கைகூடச் சொன்னதில்லை.

ஐம்பத்திரண்டையும் ஒப்பித்து முடித்த அன்று ஓன் மே வகுப்பு முழுவதற்கும் பட்டாணியும் ரொட்டியும் கொடுத்தாள். நீர் வார்த்து, "இதுல கிடைச்ச புண்ணியத்துல எல்லாருக்கும் பங்கு உண்டு, எடுத்துக்கோங்க," என்று மூன்று தடவை சொன்னாள். எங்கள் ஊரில் யார் அப்படிச் சொன்னாலும் கேட்டவர்கள் "தாது, தாது, தாது" என்று சொல்லவேண்டும். நல்லது, எனக்கும் சந்தோஷம் என்று அர்த்தம். விரோதிக்குக்கூட அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அன்று டோ சோ யின் வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் தாது சொன்னபோது கன்னத்தை மட்டும் அசைத்தாள்.

அவளிடம் பட்டாணியும் வாங்கியதில்லை. மூன்று சந்து தள்ளிப் போய், பாதி வேகாத பட்டாணியை வேறொருத்தியிடம் வாங்கி வருவாள். ஊ போ சீ கல்லைக் கடித்த மாதிரி கடித்துக்கொண்டே சாப்பிடுவார்.

இப்படி இருக்கையில், நோன்பின் இரண்டாம் மாதத்தில், சயாடோ ஒருநாள் பாடத்தை முடித்துவிட்டு ஓலைச்சுவடியை மூடினார். தானம் கொடுக்கும் பெண்களை அவர் தகாமா என்பார், அவர்கள் அவரைப் பயா என்பார்கள், சாமி என்கிற மாதிரி.

"கண்ணு போயிடுச்சு, தகாமா. ரெண்டு கண்ணுலயும் புரை. இனிமே இந்த வகுப்பை உங்கள்ல ஒருத்தி எடுத்து நடத்தணும். தேய்பிறை எட்டாம் நாள், எல்லாரும் பாக்க வாய்க்கேள்வி கேப்பேன். சோ யின் ஒண்ணு, ஓன் மே ஒண்ணு. யார் திடமா இருக்காங்களோ அவங்க சயாமா."

டோ சோ யின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நிஜமான சயாமா. சந்தைக் கிண்டல் இல்லை, மடத்து மண்டபத்தில் பலகைபோட்டு உட்காருகிற சயாமா. பதினாறு வயதில் கைவிட்டுப் போனது ஐம்பத்து நான்கில் திரும்பி வந்து வாசலில் நிற்கிறது, குறுக்கே பட்டாணிக்கூடை. பதினோரு வருஷத்தையும் மூன்று வருஷத்தையும் ஒரே தராசில் வைக்கிறாரே இந்த மனுஷர் என்று பிக்குவை நினைத்துக்கூடக் கோபம் வந்தது. அந்தப் பாவத்துக்குத் தனியாக மூன்று தடவை விழுந்து கும்பிட்டாள்.

சயாடோ அப்படிச் சொன்னதற்கு நான்காம் நாள் ஓன் மே கடைக்கு வந்தாள். காலி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டைக்குவியலுக்கு முன்னால் குந்தினாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். உங்களைத் தவிர யாரைக் கேக்கறதுன்னு தெரியல."

"கேளு."

"வரிசையில பொறாமையும் ஈயாமையும் பக்கத்துப் பக்கத்துல வருது இல்ல? அது ரெண்டும் ஒரே கணத்துல ஒரு மனசுல இருக்குமா, இருக்காதா? சயாடோ அதைச் சொன்ன அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்."

டோ சோ யின்னுக்கு இது உள்ளங்கை ரேகை மாதிரி தெரிந்த விஷயம். இருக்காது. பொறாமை அடுத்தவரிடம் இருப்பதைப் பார்ப்பது. ஈயாமை தன்னிடம் இருப்பதைக் கொடுக்க மனமில்லாமல் இறுக்கிப் பிடிப்பது. மனம் ஒரு கணத்தில் ஒரு பொருளைத்தான் பார்க்கும். பக்கத்து இலையையும் தன் இலையையும் ஒரே பார்வையில் பார்க்கமுடியாது. ஒன்று போனால்தான் மற்றது வரும். அவற்றுக்கு அடுத்து வரிசையில் நிற்கிற 'செய்ததற்கு வருந்தல்' என்பதும் அப்படியே, தனியாகத்தான் வரும்.

இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தாள். ஓன் மே தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காது. ஒரு தடவை விழுந்தால் சாகும்வரை விடாத காது. தனக்கு அப்படி ஒரு காது இல்லையே என்று சுருக்கென்றது. இவளுக்கு நான் ஏன் சொல்லவேண்டும், இது நான் எழுதி எழுதிச் சேர்த்தது என்று அடுத்தாற்போல் தோன்றியது.

"இருக்கும்," என்றாள் டோ சோ யின். "அக்கா தங்கச்சி மாதிரி. கைகோத்துதான் வரும்."

"அப்படியா?" ஓன் மே கண்ணை விரித்தாள். "நானா யோசிச்சப்போ சேராதுன்னு பட்டுச்சு. நல்லவேளை கேட்டேன். பெரிய உபகாரம் அக்கா." கூடையின் அடியில் மிச்சமிருந்த பட்டாணியை இலையில் மடித்து, கட்டைகளின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை டோ சோ யின் கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தெருவில் குரல் வந்தது. "பகை. பொறாமை. பொறாமையும் ஈயாமையும் கைகோத்து வரும், அக்கா தங்கை போலவே. பட்டாணீ, வெந்த பட்டாணீ." புதிதாகப் பிடித்த வரிக்கு ஓன் மே தனியாக ஒரு மெட்டு போட்டிருந்தாள். நல்ல மெட்டு. அதுதான் தொல்லை. இரண்டு நாளில் தண்ணீர் எடுக்கிற பெண்கள் அதை முனகினார்கள். நான்காம் நாள் ஊ போ சீ குதிரைக்குப் புல் போட்டபடியே, "கைகோத்து வரும், அக்கா தங்கை போலவே," என்று பாடினார்.

"அதைப் பாடாதீங்க."

"ஏன், தப்பா?"

"குரல் சகிக்கல," என்றாள்.

திருத்த அவளுக்குப் பத்து நாள் இருந்தது. தினமும் காலையில் குரல் வாசலைத் தாண்டும்போது, கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எழுவாள். மண்டபத்துப் பலகை ஞாபகம் வரும். உட்கார்ந்துவிடுவாள்.

தேய்பிறை எட்டாம் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. சயாடோ முதலில் ஓன் மேயைக் கேட்டார். எண்பத்தொன்பது சித்தங்களைக் கேட்டார், இருபத்தெட்டு ரூபங்களைக் கேட்டார், அறியத்தக்க ஐந்தையும் உதாரணத்தோடு கேட்டார். பெயர் என்ற ஐந்தாவதற்கு உதாரணம் சொல்லும்போது ஓன் மே, "பட்டாணின்னு கத்தறது பேரு, பயா. பசி அடங்கறது பேரால இல்ல," என்றாள். சயாடோ தலையை ஆட்டி ரசித்தார். டோ சோ யின் தன் கட்டை உதாரணத்தை நினைத்துக்கொண்டாள். இது அதைவிடச் சின்னதாக, அதைவிட நன்றாக இருந்தது.

"கடைசியா ஒண்ணு," என்றார் சயாடோ. "பொறாமையும் ஈயாமையும் ஒரே சித்தத்துல கூடுமா?"

"கூடும் பயா. கைகோத்து வரும், அக்கா தங்கை போல."

மண்டபத்தில் பாதிப் பெண்கள் தலையாட்டினார்கள். சயாடோ தலையாட்டவில்லை.

"அப்படின்னு யார் சொன்னா?"

ஓன் மே திரும்பி டோ சோ யின்னைப் பார்த்தாள். டோ சோ யின் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். சொல்லிவிடுவாள், இப்போது சொல்லிவிடுவாள்.

"யாரும் சொல்லல, பயா," என்றாள் ஓன் மே. "நடந்துகிட்டே படிக்கிறேன் இல்ல, நானே தப்பாக் கோத்துட்டேன்."

டோ சோ யின்னின் முறை வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கேள்விக்கும் இரண்டு இலை உதாரணத்தோடு சரியாகச் சொன்னாள். சயாடோ அவளைச் சயாமா என்றார். அவள் நீர் வார்த்துப் புண்ணியத்தைப் பங்கிட்டபோது நாற்பது பேரும் தாது சொன்னார்கள். எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல் தெருவில் பழகிய கனத்தோடு ஒலித்தது. அது யார் குரல் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மறுநாள் காலை "பட்டாணீ, வெந்த பட்டாணீ" மட்டும் வந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. தப்பாகச் சொல்லித் திரிந்தோமே என்ற கூச்சத்தில் ஓன் மே வாயை மூடிக்கொண்டாள். தையற்காரர் எழுந்திருக்க ஏழரை ஆயிற்று. சந்தையில் டோ சோ யின் கடைக்கு வந்தவர்களெல்லாம், "சயாமா, அவளைப் பாடச் சொல்லுங்க, பொழுதே விடிய மாட்டேங்குது," என்றார்கள். சயாமாவானதைப் பற்றி இரண்டு பேர்தான் கேட்டார்கள். ஓன் மே பாடினாலும் அவள் பேச்சு, பாடாமல் போனாலும் அவள் பேச்சுதானா என்று டோ சோ யின்னுக்கு ஆற்றாமை பொங்கியது. தன் வாசலில் பொறாமை வராமல் போனதற்கும் பொறாமைப்பட்டவள் இந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஐந்து நாள் கழித்து முதல் வகுப்பு. சயாடோ தம் அறையில் படுத்திருந்தார். டோ சோ யின் புதுச் சால்வை போட்டு, பலகையில் ஏறி உட்கார்ந்தாள். ஓன் மே கடைசி வரிசையில் கூடையோடு இருந்தாள்.

"எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க. அறியாமையிலேர்ந்து."

"அறியாமை. வெட்கமின்மை." நாற்பது குரல்கள். சொல்லிச் சொல்லி வந்தார்கள். "பகை. பொறாமை." அங்கே எல்லா வாயும் தானாக ஓன் மேயின் மெட்டில் ஏறிக்கொண்டது. "பொறாமையும் ஈயாமையும் கைகோத்து வரும், அக்கா தங்கை போலவே."

டோ சோ யின் தன் கடையில், ஒருத்தியின் காதில் ஒரு தடவை சொன்னது நாற்பது வாயிலிருந்து திரும்பி வந்தது.

"அது தப்பு," என்றாள்.

"ஆமா, தப்புத்தான்," என்று தையற்காரர் மனைவி பல்லைக் கடித்தாள். "எல்லாம் இந்த ஓன் மேயால வந்த வினை. மெட்டு போட்டு நாக்குல ஒட்டிவெச்சுட்டா. ஏண்டி, இனிமே பட்டாணிய மட்டும் வித்தா போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓன் மேயும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்து கூடையின் ஓரத்தைத் தடவினாள்.

டோ சோ யின் பலகையிலிருந்து இறங்கினாள்.

"அவ கோத்ததில்ல. என்கிட்ட வந்து கேட்டா. நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன்."

"உங்களுக்கே மறந்துபோச்சா சயாமா?" என்று கேட்டாள் தையற்காரர் மனைவி.

"மறக்கல. சரியானது தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

டோ சோ யின் பலகைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். "சயாடோகிட்ட இப்பவே போய்ச் சொல்றேன். இந்தப் பலகை எனக்கில்ல."

ஓன் மே எழுந்து முன்னால் வந்தாள். அடிப்பாளோ, அழுவாளோ என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் டோ சோ யின்னுக்கு எதிரே, கடையில் அன்று குந்திய மாதிரியே குந்தினாள். முகத்தில் கோபமும் இருந்தது, அதைவிட அதிகமாக அந்தப் பழைய சந்தேகமும் இருந்தது.

"அன்னிக்கு சயாடோ கேட்டப்பவே உங்க மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுகிட்டேன்," என்றாள். "அஞ்சு நாளா ஒரே யோசனை. ரெண்டும் ஒண்ணா வராதுன்னா, என்கிட்ட அதைச் சொன்ன கணத்துல உங்களுக்குள்ள எது இருந்துச்சு அக்கா? பொறாமையா, ஈயாமையா?"

எவ்வளவு நல்ல கேள்வி. எனக்குத் தோன்றவில்லையே என்று அந்த நிமிஷத்திலும் டோ சோ யின்னுக்கு ஒரு குத்து குத்தியது. அது தணியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"முதல்ல உன் காதைப் பாத்தேன். அப்புறம் என் நோட்டை நினைச்சேன். ஒண்ணு போய்த்தான் ஒண்ணு வந்துச்சு."

"இப்போ?"

டோ சோ யின் சால்வை நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். ஈயாமைக்கு அப்புறம் என்ன என்று யாராவது நிறுத்தினால் அடுத்ததைச் சொல்லிப் பழகிய வகுப்பு அது. பின்வரிசையில் யாரோ தொடங்க, நாற்பது பேரும் மெட்டு இல்லாமல் சொன்னார்கள்.

"செய்ததற்கு வருந்தல்."